மஞ்சள் கொடிக்கு நீலச் சாயம்

அன்பு மகனுக்கு, அம்மா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் மகளும் சௌக்கியம். என் முழங்கால் அது பாட்டுக்கு இருக்கிறது, நான் என் பாட்டுக்கு இருக்கிறேன். நீயும் மருமகளும் உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நம்புகிறேன். இல்லாவிட்டால் இனிமேலாவது பார்த்துக்கொள்ளுங்கள்.

உன் கடிதம் வந்தது. மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்துவிட்டு இரண்டு பேரும் அங்கே வந்துவிட வேண்டும், அவளுக்கு வங்கியில் வேலை சொல்லி வைத்திருக்கிறேன், படம் போடுவதெல்லாம் ஒரு பிழைப்பா என்று எழுதியிருக்கிறாய். எனக்குச் சிரிப்புதான் வந்தது. நான் ஐந்தாவதோடு நின்றவள், எனக்குத் தெரிந்தது இவ்வளவு படித்த உனக்குத் தெரியவில்லையே. உன் மகள் படம் போடுகிறவள் இல்லையடா, கிராபிக் டிசைனர். ஒரு இயக்கத்தையே கழுவித் துடைத்துப் புதுசாக்கி நடுத்தெருவில் நிறுத்தியிருக்கிறாள். போனில் சொன்னால் நடுவில் பேசுவாய், அதனால்தான் கடிதம். உட்கார்ந்து படி.

எங்கள் தெருமுனையில் பல் டாக்டர் இருக்கிறாரே, அவர்தான் இயக்கத்தின் தலைவர். பேருந்து நிலையத்தை ஊருக்கு வெளியே தூக்கிக்கொண்டு போகக் கூடாது என்பது கோரிக்கை. நல்ல கோரிக்கைதான். ஆனால் கொடி? மஞ்சள் துணியில், தீப்பந்தம் பிடித்த ஒரு கை. தைத்தவர் என்ன நினைத்துத் தைத்தாரோ, பார்ப்பவர்களுக்கு அது ஐஸ்கிரீம் பிடித்த கை. ஊர்வலம் போனால் குழந்தைகள் பின்னாலேயே வந்து "எப்ப குடுப்பீங்க?" என்று கேட்கும். நகரசபைத் தேர்தலில் தோற்றதற்கு இதுதான் காரணம் என்றார் டாக்டர். இன்னொரு காரணத்தை அவர் சொல்லமாட்டார், நான் சொல்கிறேன். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர் முன்பு இதே இயக்கத்தில்தான் துணைத்தலைவராக இருந்தார். ஒருநாள் கடைவாய்ப் பல் வலிக்கிறது என்று டாக்டரிடம் போனார். டாக்டர் பேருந்து நிலையத்தைப் பற்றி ஆவேசமாகப் பேசிக்கொண்டே பக்கத்துப் பல்லைப் பிடுங்கிவிட்டார். வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போன மனுஷன், நேரே போய்ப் பச்சைக் கொடியோடு தனி இயக்கம் ஆரம்பித்துவிட்டார். இரண்டு பேருக்கும் கோரிக்கை ஒன்றுதான். பல்தான் வேறு.

இந்த டாக்டரிடம் உன் மகளைப் பற்றிச் சொன்னதே நான்தான். பல்செட்டுக்கு அளவெடுக்க என் வாயில் மாவு மாதிரி ஒன்றை வைத்து அடைத்திருந்தார், அதனால் கையாலேயே சொன்னேன். புரிந்துகொண்டார். "இயக்கத்துக்குப் புது முகம் வேணும்மா. கொடி, சின்னம், சுவரொட்டி எல்லாமே மாறணும்" என்று அவளைக் கூப்பிட்டுச் சொன்னார். அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. ராப்பகலாக உட்கார்ந்தாள். கமிட்டிக் கூட்டம் டாக்டரின் கிளினிக்கிலேயே நடந்தது, நோயாளிகள் உட்காரும் பெஞ்சில். அவள் தன் கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினாள். நீலத்தில் வெள்ளை வட்டம். ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் திறந்திருந்தது.

"என்னம்மா இது?" என்றார் பொருளாளர்.

"வட்டம் நம்ம ஊரு சார். இந்தத் திறப்பு, பஸ் உள்ளே வர்ற வழி."

"பஸ் எங்கே?"

"பஸ்ஸைக் காட்ட வேண்டாம் சார். வரும்னு நினைக்க வைக்கணும்."

"வருமான்னு நினைக்க வைக்கிறதுதானே நம்ம ஊரு பஸ்ஸு. ரொம்பச் சரியா போட்டிருக்கு பொண்ணு" என்றார் பெஞ்சுக் கடைசியில் கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்த ஒருவர். அவர் கமிட்டியே இல்லை, பல்லுக்கு வந்தவர். ஆனாலும் அவர் சொன்னதை வைத்துத்தான் எல்லாரும் கை தட்டினார்கள்.

வந்தது வினை. சுவரொட்டியில் பாதிக்கு மேல் காலியாக விட்டிருந்தாள், அதுதான் அழகாம். செயலாளர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "இவ்வளவு இடம் சும்மாதானே கெடக்கு? ஓரமா என் போட்டோவைப் போட்டா என்ன?" ஓரமாக அவர் வந்தார். அவர் வந்தால் பொருளாளர் விடுவாரா? பொருளாளர் வந்தால் அவர் மச்சினன் விடுவாரா? அடுத்த கூட்டத்துக்குள் அந்தக் காலி இடம் முழுக்க மீசைகள். வட்டம் சட்டைப் பொத்தான் அளவுக்குச் சுருங்கிப்போய் மூலையில் கிடந்தது. குழந்தை மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். நான் சும்மா இருப்பேனா? சுவரொட்டியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நேரே கிளினிக்குக்குப் போய் நாற்காலியில் சாய்ந்தேன்.

"எந்தப் பல்லும்மா?" என்றார் டாக்டர்.

"பல்லை விடுங்க. இதுல தலைவர் யாருன்னு சொல்லுங்க. நானும் காலையிலேருந்து தேடுறேன். மூணாவது வரிசையில ஒருத்தர் உங்க சாடையில இருக்கார், அவர் பொருளாளரோட மச்சினனாமே?"

டாக்டர் கையிலிருந்த மிஷினை அணைத்தார். அன்றைக்கே கட்டளை போட்டார், சுவரொட்டியில் யார் முகமும் கிடையாது, வட்டம் மட்டும்தான். மீசைகள் எல்லாம் போயின. குழந்தை முகத்தில் சிரிப்பு வந்தது.

அப்புறம் கொடி. ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம், துணிக்கடைக்காரர் நீலத் துணி வந்து சேராது என்று கையை விரித்துவிட்டார். உன் மகளோ அச்சகத்தில் சுவரொட்டியோடு இருந்தாள். டாக்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கிளினிக்குக்குப் பின்னால் ஓர் அறை நிறையப் பழைய மஞ்சள் கொடிகள். நல்ல துணி, ஏன் வீணாக்க வேண்டும்? சாயம் போட்டால் நீலம். இதற்கு எதற்கு ஒரு கமிட்டி? முடிவை நானே எடுத்தேன். தையல்காரம்மா அந்த ஐஸ்கிரீம் கைகளைப் பிரித்தெடுத்தாள். மாடி வீட்டுக்காரி அண்டாவில் நீலச் சாயத்தைக் கொதிக்கவைத்தாள். நான் கொம்பால் கிளறினேன்.

"அக்கா, பச்சையா வருதே" என்றாள் மாடி வீட்டுக்காரி. எதையும் சட்டென்று நம்பமாட்டாள் அவள்.

"ஈரத்துல அப்படித்தான் தெரியும். காயட்டும்."

காய்ந்தது.

"அக்கா, இன்னும் பச்சைதான்."

"வெயில் கண்ணைக் கூசுது உனக்கு. நிழல்ல வெச்சுப் பாரு."

"நிழல்லயும் பச்சைதான்கா."

சாயம் போதவில்லை என்று இன்னொரு முழுக்குப் போட்டோம். இப்போது அது டிரைவிங் ஸ்கூல்காரர் கொடியைவிட அருமையான பச்சை. தையல்காரம்மா வெள்ளை வட்டங்களைத் தைத்து முடிக்கவும் உன் மகள் மொட்டைமாடிக்கு வரவும் சரியாக இருந்தது. கொடிக்கயிறு முழுக்க ஒரு பார்வை பார்த்தாள்.

"பாட்டி, மஞ்சளும் நீலமும் சேர்ந்தா என்ன ஆகும்?"

"சேர்ந்தா பலம்" என்றேன்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எதிர்க்கட்சிக் கொடியைப் போட்டுக் குடுத்தவன்னு ஊரே சிரிக்கும் பாட்டி. இனிமே எனக்கு யார் வேலை குடுப்பா?" என்றாள். பயப்படாதே, நான் இருக்கிறேன் என்றேன்.

ஊர்வலத்தன்று கொடிகளைப் பிரித்தபோது டாக்டருக்கு முகத்தில் ரத்தமே இல்லை. "இது யாரு கொடி?" என்றார். கூட்டம் சேர்ந்துவிட்டது, இனிப் பேசி என்ன ஆகப்போகிறது? முதல் கொடியை நான் எடுத்துக்கொண்டு நடந்தேன், தெருவே பின்னால் வந்தது. போகிற வழியில்தான் டிரைவிங் ஸ்கூல். அவர் வளாகத்துக்குள் ஒரு அம்மாவுக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தால் தெரு முழுக்கப் பச்சை, அவ்வளவும் டாக்டரின் ஆட்கள். ஓடுகிற வண்டியிலிருந்து இறங்கி ஓடிவந்தார். கண்ணில் தண்ணீர்.

"வந்துட்டீங்களா! எல்லாருமே வந்துட்டீங்களா!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவருடைய ஆட்களும் உள்ளேயிருந்து தங்கள் பச்சைக் கொடிகளோடு ஓடிவந்து கலந்துவிட்டார்கள். எது யாருடையது என்று யாராலும் பிரிக்க முடியாது. டாக்டர் மரம் மாதிரி நின்றார். "சிரிங்க டாக்டர், கூட்டம் ரெண்டு பங்காயிடுச்சு" என்று முழங்கையால் ஓர் இடி இடித்தேன். அவர் திரும்பிப் பார்த்தார், கூட்டத்தை அளந்தார், மைக்கை வாங்கினார். "இந்த ஒற்றுமைக்காகத்தான் நாங்கள் நிறத்தையே மாற்றினோம்!" என்றார். டிரைவிங் ஸ்கூல்காரர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "அந்தப் பல்லை மன்னிச்சுட்டேன்யா" என்று மைக்கிலேயே சொன்னார். அதே நேரத்தில் அந்த அம்மா ரிவர்ஸிலேயே போய்ப் பின்பக்கச் சுவரை இடித்துக்கொண்டு அடுத்த தெருவுக்குள் இறங்கிவிட்டாள். கைதட்டலில் யாருக்கும் கேட்கவில்லை.

இப்போது இரண்டும் ஒரே இயக்கம். பேருந்து நிலையத்தைப் பற்றிப் பேசலாம் வாருங்கள் என்று நகரசபையே கூப்பிட்டு அனுப்பியிருக்கிறது. எல்லாம் உன் மகளின் யோசனை என்று டாக்டர் பத்திரிகைக்காரரிடம் சொல்லிவிட்டார். பக்கத்து ஊரிலிருந்து ஒரு தொழிற்சங்கம் தேடிக்கொண்டு வந்துவிட்டது. அதனால் சொல்கிறேன் கேள். அவள் அங்கே வரமாட்டாள். அவள் இல்லாமல் இந்த இயக்கம் ஓரடி நகராது. இத்தனை வருஷத்துக்கு அப்புறம் அவளுக்கென்று ஒரு வேலை, ஒரு பேர் கிடைத்திருக்கிறது, அதைக் கெடுக்காதே. உன் வீட்டு மூலையில் உட்காரவைக்கிற வயசா அவளுக்கு? வீட்டையும் காலி செய்யப்போவதில்லை.

மருமகளிடம் கேட்டதாகச் சொல். எந்தக் குறையும் இல்லாமல் நீங்கள் இருவரும் நெடுநாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா

பி.கு: எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லிக் கடிதத்தை உன் மகளிடம் கொடுத்தேன். படித்துவிட்டுச் சிரித்தாள், அப்புறம் என்னைக் கட்டிக்கொண்டு, "பாட்டி, அந்த வங்கி வேலையை அப்பாகிட்ட கேட்டு வாங்கினதே நான்தான். மாசம் பிறந்தா சம்பளம், கமிட்டியே கிடையாது" என்றாள். சந்தோஷமாகப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள், வியாழக்கிழமை வருகிறாள், போய்க் கூட்டிக்கொள். கம்ப்யூட்டரை என்னிடம் விட்டுவிட்டு வருகிறாள், எங்கே தொட்டால் எரியும் என்று காட்டிக்கொடுத்துவிட்டாள். இனிமேல் இயக்கத்துக்குப் படம் போடப்போவது நான்தான், டாக்டரும் சரி என்றுவிட்டார். இவ்வளவையும் மறுபடி எழுத எனக்குக் கை வலிக்கிறது. கடைசியில் "அவள் அங்கே வரமாட்டாள்" என்பதிலிருந்து, "அவள்" வருகிற இடத்திலெல்லாம் "நான்" என்று போட்டுப் படித்துக்கொள்.