பத்தொன்பது முடிச்சுத் தோஷம்

செங்கத்திலிருந்து மலைக்கு வரும் பஸ்ஸில் அந்த வருஷம் நிற்க இடமில்லை. மலையில் தங்கம் எடுக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டை வளர்த்துக் கொடுக்கும் மகான் எங்கள் ஊருக்கு வந்திருந்தார்! கல் வைக்கமாட்டார், மண் குழைக்கமாட்டார். மந்திரம் சொல்வார், வீடு ஓரடி நீளும். இப்படி ஒரு வசதி இருக்கும்போது கொத்தனார் எதற்கு?

நடந்தது 1979 மழைக்காலம். பக்கத்துக் காவலூரில் பெரிய தொலைநோக்கி வைத்து நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் வாயைப் பிளந்து ஒரு கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நாங்கள் என்றால் நானும்தான். ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். நாலு எழுத்து படித்தவன் என்று பேர் வேறு.

மகானின் பெயர் மனையடி தாண்டவராய சுவாமிகள். நெற்றி நிறையப் பட்டை, கையில் ஒரு தகர டப்பா. டப்பாவுக்குள் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு. அதை எடுத்து வீட்டின் பின்சுவரை அளப்பார். பத்தொன்பது முடிச்சு வரும். பத்தொன்பதடி என்றால் உயிர் நாசமாம். மூன்றாம் நாள் பரிகாரம். கயிற்றைக் கலசத்து மஞ்சள் தண்ணீரில் ஊறவைத்து, சாம்பிராணி போட்டு, மறுபடியும் அளப்பார். இருபது! ராஜயோகம்! காணிக்கை, ஒரு கறவை ஆடும் ஒரு மூட்டை புளியும். என் வீடும் அப்படித்தான் வளர்ந்தது. ஆடு போனது.

அளந்த வீட்டுக்கெல்லாம் பத்தொன்பதே வந்தது. "ஒரு வூட்லகூட மாத்திச் சொல்லல பாத்தியா!" என்று சொல்லிச் சொல்லிப் புல்லரித்தோம்.

எங்கள் ஊரில் வீடு கட்டும் முறையைச் சொன்னால் என்னைச் செருப்பால் அடிக்கத் தோன்றும். சொல்கிறேன். சாவடியில் ஒரு மூங்கில் கோல் கட்டித் தொங்குகிறது. அந்தக் கோல் அகலத்துக்குத்தான் ஊரே தட்டி பின்னும். ஐந்து தட்டியைச் சேர்த்துக் கட்டினால் பின்சுவர். உள்ளே அறை தடுப்பதும் அதே தட்டிதான். மகனுக்குக் கல்யாணம் என்றால் நடுவில் இரண்டு தட்டியை நிறுத்துவோம், அறை ரெடி. மகள் புருஷன் வீட்டுக்குப் போய்விட்டால் அவிழ்த்து ஆட்டுக்குட்டிகளுக்கு அடைப்புக் கட்டுவோம். அடுத்த வீட்டுக்காரன் கேட்டால் தூக்கிக் கொடுப்போம். எந்த வீட்டுத் தட்டியும் எந்த வீட்டிலும் உட்காரும். ஒன்று மக்கினால் அந்த ஒன்றை மட்டும் மாற்றுவோம். இப்படி ஒரே கோலில் அளந்த சுவர் ஊர் முழுக்க ஒரே நீளம் வராமல் வேறென்ன வரும்? அது எங்களுக்கு அப்போது தோன்றவில்லை. புல்லரித்துக்கொண்டிருந்தோம் அல்லவா, நேரமில்லை.

சுவாமிகள் சடையன் வீட்டுக்கு வந்தார். மருமகள் அம்மாக்கண்ணு நிறைமாதம். பிரசவத்துக்கு மூலையில் இரண்டு தட்டி நிறுத்தி அறை போட வேண்டும். கயிறு பத்தொன்பது காட்டியது.

"பரிகாரம் ஆவுற வரைக்கும் ஒரு தட்டியும் அசைக்கக் கூடாது," என்றார் சுவாமிகள். "புள்ளத்தாச்சி இந்தக் கூரைக்கடியில படுத்தா, பொறக்குற உசுரு தங்காது."

சடையன் ஆடிப்போனார். ஏற்கெனவே ஒரு பேரக்குழந்தையைப் பறிகொடுத்த மனுஷன். அன்றே மருமகளை ஆட்டுக்கொட்டகையில் படுக்க வைத்தார்கள். மழை ஒழுகியது. பிள்ளையைக் காப்பாற்றத் தாயை நனையவிட்ட புத்திசாலிகள் நாங்கள்! எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அம்மாக்கண்ணு சும்மா படுத்துக் கிடக்கிறவள் இல்லை. ஊர்த் தட்டிகளில் பாதி அவள் கை பின்னியது.

மூன்றாம் நாள் வீட்டைச் சுற்றிக் கூட்டம். கயிற்றின் நுனியைப் பிடிக்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. ஊறிய கயிற்றை இழுத்து எண்ணினேன். இருபது! ஜனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சுவாமிகள் ஆட்டின் கயிற்றில் கை வைத்தார். அந்த வீட்டில் இருந்த ஒரே கறவை அது.

வயிற்றைத் தாங்கியபடி அம்மாக்கண்ணு வந்தாள். சுவர் ஓரமாக நடந்து தட்டிக்குத் தட்டி விரலை விட்டுப் பார்த்தாள்.

"சாமி, வூடு ஓரடி நீண்டுச்சுன்னீங்களே, எங்க நீண்டுச்சு? கட்டு இறுக்கமாத்தான் கீது. ஒரு சந்துகூட வுழலியே?"

"தெய்வம் செஞ்ச சந்து மனுசக் கண்ணுக்குத் தெரியாதும்மா."

"அஞ்சு தட்டி அன்னிக்கும் அஞ்சு, இன்னிக்கும் அஞ்சு. தட்டி வளர்லன்னா, வேற எதுவோ சுருங்கிக்கீது." சட்டென்று என் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கினாள். "மாமா, அடுப்புல நெருப்பு கீதா?"

சடையன் பதறினார். "வாணாம்மா, சாமி குத்தம் ஆயிடும்!"

"ஆட்டு மூத்திரத்துல படுத்துக்கினு கீறேன். இதுக்கு மேல இன்னா குத்தம் மாமா?"

அவள் தணலுக்கு மேலே கயிற்றை இழுத்துக் கட்டிக் காயவைத்தாள். சுவாமிகள் தனக்கு அவசர வேலை இருப்பதாகச் சொல்லி டப்பாவைத் தூக்கினார். பாவம், செங்கம் பஸ் நாலு மணிக்குத்தான். மந்திரத்தால் வீட்டை நீட்டியவருக்கு ஒரு பஸ்ஸை முன்னால் வரவழைக்கத் தெரியவில்லை.

சாமைச் சோறு வெந்து இறங்கிய பின் காய்ந்த கயிற்றை என்னிடம் நீட்டினாள். அளந்தேன். பத்தொன்பது.

"ஐயோ, வூடு சுருங்கிப்போச்சே!" என்று கூட்டத்தில் ஒருவன் அலறினான். அந்த நிலைமையிலும் அவனுக்கு வீடுதான் சுருங்கியது, பாருங்கள்!

அம்மாக்கண்ணு கயிற்றை வாங்கி ஆட்டுத் தொட்டித் தண்ணீரில் போட்டாள். மந்திரம் கிடையாது, சாம்பிராணி கிடையாது. தொட்டியில் புழுக்கை மிதந்தது. நன்றாக ஊறியதும் எடுத்துக் கொடுத்தாள். எண்ணினேன். இருபது.

"ராஜயோகம்!" என்றாள் அம்மாக்கண்ணு. "ஈரம் பட்டா கவுறு முறுக்கிக்கினு சுருங்கும், முடிச்சுங்க கிட்டக்கிட்ட வந்துடும். தட்டி கட்டுற எங்களுக்கு அது தெரியாதா? சாமி கவுறாச்சேன்னு யோசிக்காம வுட்டுட்டேன்."

திரும்பிப் பார்த்தோம். சுவாமிகள் சரிவில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தார். துரத்திப் பிடித்தார்கள். அவர் தங்கியிருந்த இடத்தில் கட்டியிருந்த ஆடுகள் அவரவர் வீட்டுக்குத் திரும்பின. என்னுடையது என்னைப் பார்த்து ஒரு மாதிரிக் கத்தியது.

அன்று பொழுது சாய்வதற்குள் வீட்டு மூலையில் இரண்டு தட்டி நின்றது. அறை ரெடி. ஒன்பதாம் நாள் அதே கூரைக்கடியில் பெண் குழந்தை பிறந்தது. சடையன் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார்.

இதோடு ஊருக்குப் புத்தி வந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? பிள்ளை பிறந்த மறுநாள் விடியற்காலையில் இரண்டு பேர் செம்போடு அம்மாக்கண்ணு வீட்டு வாசலில் நின்றார்கள். ராஜயோகம் தரும் ஆட்டுத் தொட்டித் தண்ணீர் வேண்டுமாம். அந்த இரண்டு பேரில் நான் இல்லை. மூன்றாவதாகப் போனேன்.

பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு எங்கள் மூன்று செம்பையும் மாறி மாறிப் பார்த்தாள் அம்மாக்கண்ணு.

"தெனம் இந்தத் தண்ணியத்தான் ஆடு குடிக்குது. அது இன்னும் ராஜாவாவலியே, அத்த யோசிச்சீங்களா?"