தொங்கவிட்ட ஸ்வரம்

“மறுபடியும் அதே இடம்! அதே தப்பு!” கட்டிலில் கிடந்த பேண்டு மாஸ்டர் பல்லைக் கடித்தார்.

மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவன் டிரம்பெட்டில் ஒரு மெட்டை ஏற்றி ஏற்றிக் கொண்டுபோய், கடைசி ஸ்வரத்துக்கு முன்னால் அம்போவென்று விட்டுவிட்டான். ஆயுசெல்லாம் பேண்டு நடத்திய காதுக்கு அது, வந்த தும்மல் பாதியில் நின்ற மாதிரி இருந்தது.

பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்தபின் மாஸ்டருக்கு மிஞ்சியது காதும் கோபமும்தான். காலை ஊன்றிப் பழகாவிட்டால் சக்கர நாற்காலிதான் கதி என்று டாக்டர் சொல்லியாயிற்று. இசையால் நடக்கவைக்கிறேன் என்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்த டீச்சரம்மாவையும், “பாட்டுக் கேட்டா கால் வருமா? போம்மா, வேற கிறுக்கனைப் பாரு!” என்று விரட்டிவிட்டார். அந்தம்மாள் சிரித்துக்கொண்டே போனதில் அவருக்கு இன்னும் எரிச்சல்.

“ஏய், மேல போய் அவனை நிறுத்தச் சொல்லு!”

மனைவி போனாள், வந்தாள். “தப்பு எங்கேன்னு அவருக்குப் புரியலையாம்ங்க. இன்னும் நல்லா சாதகம் பண்றேன்னார்.”

சாதகம் கூடியது. மாஸ்டர் காதில் பஞ்சு வைத்தார். பஞ்சுக்குள்ளேயும் அந்த விடுபட்ட ஸ்வரம் நமைத்தது. எழுந்து உட்கார்ந்து கைத்தடியால் சுவரை இடித்தார். மேலே இருந்தவன் அதைத் தாளமாக எடுத்துக்கொண்டு இன்னும் உற்சாகமாக ஊதினான். அதே தப்பைத்தான்.

“நன்றி மாஸ்டர்!” என்று குரல் வேறு.

“நன்றியா! விடுடி கையை, இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்!”

“நான் பிடிக்கவே இல்லையே,” என்றாள் மனைவி.

தடியைக் கக்கத்தில் இடுக்கி, வலக்கையால் கைப்பிடியைப் பற்றி, அடிக்கொரு வசவாக மாடி ஏறினார். வலது காலுக்கு “கழுதை”, இடது காலுக்கு “முட்டாள்”. மேலிருந்து வந்த தாளத்தில் வசவு பிசகாமல் விழுந்தது. வசவு விழுந்த இடத்தில் காலும் விழுந்தது.

கதவைத் தடியால் தள்ளினார். “டேய்! அந்தக் கடைசி ஸ்வரம் எங்கேடா? தின்னுட்டியா?”

அவன் டிரம்பெட்டைக் கீழே வைத்தான். மாஸ்டரின் தோளுக்குமேல் எட்டி, பின்னாலேயே ஏறிவந்த மனைவியைப் பார்த்தான்.

“அக்கா, மாஸ்டர் மாடி ஏறிட்டார்னு டீச்சரம்மாகிட்ட சொல்லிடுங்க. இனிமே நான் சரியா வாசிக்கலாமில்ல?”