கேப்டன் தப்பித்த விதம்

"நாலு மணிக்கு அச்சுக்குப் போகணும். பத்தியோட வா, இல்லேன்னா வராமலே இரு. உன் நாற்காலிக்கு வேற ஆள் பாத்துக்கறேன்!"

ஆசிரியர் போட்ட சத்தம் இன்னும் காதுக்குள் ரீங்காரமிட, கேப்டனின் எழுத்து அறையில் சோபா நுனியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் காற்புள்ளி. மணி இரண்டே கால்.

காற்புள்ளி என்பது அலுவலகம் வைத்த பெயர். வார இதழில் பதினெட்டு வருடமாகப் பிழை திருத்துகிறவர். உருவமும் கொஞ்சம் அப்படித்தான், தலை பெருத்து, முதுகு வளைந்து.

எதிரே இருந்தவர் சாதாரண ஆள் இல்லை. போர்முனையிலிருந்து திரும்பிப் பதினான்கு திகில் நாவல்கள் எழுதிய கேப்டன்! எதிரிகள் அவரைப் பிடித்து நாற்காலியோடு கட்டி ஓர் அறையில் பூட்டியதும், மூன்றாம் நாள் அவர் தப்பி வந்ததும் நாடறிந்த கதை. ‘அனுபவிக்காத எதையும் நான் எழுதுவதில்லை’ என்ற அவருடைய வாசகம் ஒவ்வொரு பின்னட்டையிலும் இருக்கும். அவர் கையெழுத்துப் பிரதியைத் தொடுவதற்கு முன் காற்புள்ளி சோப்புப் போட்டுக் கை கழுவுவார்.

அப்பேர்ப்பட்டவரின் தொடர்கதையில்தான் அவர் பென்சில் வாலாட்டிவிட்டது. கதாநாயகனை நாற்காலியோடு கட்டிப்போட்டாயிற்று. இந்த வாரம், ‘கண் இமைக்கும் நேரத்தில் கட்டை அவிழ்த்தான்’ என்று ஒரே வரியில் முடித்திருந்தார் கேப்டன். பழக்கதோஷத்தில் காற்புள்ளி ஓரத்தில், ‘எப்படி?’ என்று எழுதிவிட்டார். அது ஆசிரியர் கண்ணில் பட்டுவிட்டது.

"அட, ஆமாய்யா! பதினாலு நாவல்லயும் இதை மட்டும் சொல்லவே இல்லையே! நீயே போய்க் கேட்டு ஒரு பத்தி எழுதிட்டு வா."

கேப்டன் அந்த ‘எப்படி?’யை வெகுநேரம் பார்த்தார். நெற்றியில் வியர்வை அரும்பியது. போர்க்களம் அவர் கண்ணுக்குள் விரிகிறது என்று காற்புள்ளிக்குப் புல்லரித்தது.

"இதெல்லாம் வாயால சொல்ல வராது தம்பி. செஞ்சாத்தான் வரும். அதோ, துணி காயப்போடற கயிறு. எடுத்து என்னைக் கட்டு."

"நானா? உங்களையா சார்?"

"நீயானாலும் எதிரியானாலும் கட்டு ஒண்ணுதான். வலது கை மேல இடது. ரெண்டு சுத்து. கட்டைவிரலுக்கு நடுவுல ஒரு சுருக்கு. இழு! கீழ கொண்டாந்து நாற்காலிக் கால்ல மாட்டு. ஆங், அப்படித்தான்!"

இத்தனை வருடம் கழித்தும் ஒவ்வொரு சுற்றும் நினைவில் இருக்கிறதே! காற்புள்ளி சுருக்கை இன்னும் இறுக்கினார்.

"அறை பூட்டியிருந்துச்சு. பூட்டு."

பூட்டினார்.

"சாவி என்கிட்ட இல்ல. ஜன்னல் வழியா வெளிய போடு."

"சார், இது மூணாவது மாடி..."

"அனுபவிக்காததை நான் எழுத மாட்டேன்!"

சாவி பறந்தது. காற்புள்ளி பென்சிலைக் கூராக்கிக்கொண்டு தயாரானார்.

கேப்டன் கண்ணை மூடினார். ‘முதலில் மூச்சை அடக்கினான்’ என்று குறித்துக்கொண்டார் காற்புள்ளி. கால் மணி போயிற்று. ‘எதிரியின் கவனம் சிதறக் காத்திருந்தான்.’ இன்னும் கால் மணி.

"தம்பி..."

"சொல்லுங்க சார்!"

"மூக்கு அரிக்குது."

அதையும் எழுதிவிட்டார். பிறகுதான் அது கதையில்லை என்று உறைத்து, கைக்குட்டையால் பயபக்தியோடு சொறிந்துவிட்டார்.

கேப்டன் முறுக்கினார், திமிறினார், நாற்காலியோடு குதித்தார். முடிச்சு இறுகியதே ஒழிய அசையவில்லை. நான்காவது குதியில் நாற்காலி சாய்ந்து, அவர் பக்கவாட்டில் தரையில் கிடந்தார்.

"ஐயோ! அடிபட்டுடுச்சா சார்?"

"இல்ல. தரையிலேர்ந்து பாத்தா வேற மாதிரி யோசனை வரும்."

என்ன மனுஷன்! காற்புள்ளியின் கண் கலங்கியது.

மூன்றேகாலுக்கு, "தம்பி, அந்த இழுப்பறையில காகிதம் வெட்டற கத்தி இருக்கும்" என்றார் கேப்டன், கொஞ்சம் குரல் இறங்கி.

"கதாநாயகன்கிட்ட கத்தி இல்லீங்களே சார்?"

"எனக்கு ஒரு கை மரத்துப் போச்சுய்யா!"

கத்தியோடு காற்புள்ளி மண்டியிட்ட அதே நேரம், எதிர்மாடியில் துணி உலர்த்த வந்தாள் எதிர்வீட்டம்மாள். அவள் பார்த்தது இதுதான்: கட்டுண்டு கிடக்கும் கேப்டன், மேலே கத்தியோடு ஒரு கூனன்.

"ஐயையோ! கேப்டனைக் கொல்றானே!"

விளக்கம் சொல்ல ஜன்னலுக்கு ஓடினார் காற்புள்ளி. கத்தியைக் கீழே வைக்கத் தோன்றவில்லை.

"இல்லீங்கம்மா! நான் பிழை திருத்தறவன்!" என்று அதை ஆட்டி ஆட்டிக் கத்தினார்.

தெருவே கூடிவிட்டது. கத்தி கைநழுவிச் சாவி போன வழியே போயிற்று. கீழே அது விழுந்த இடத்திலிருந்து நாலு பேர் சிதறி ஓடினார்கள். பத்து நிமிடத்தில் ஒரு போலீஸ்காரர் வெளியிலிருந்து கதவை இடித்தார்.

"டேய், திறடா!"

"சாவி கீழ தெருவுல இருக்குதுங்க!"

"கேப்டன்! உயிரோட இருக்கீங்களா?"

"யோசிச்சிட்டு இருக்கேன், தொந்தரவு பண்ணாதீங்க!"

"பாத்தீங்களா, மிரட்டிப் பேச வைக்கிறான்!" என்றார் போலீஸ்காரர் கூட்டத்திடம்.

இடி திடீரென்று நின்றது. மாற்றுச் சாவி திரும்பும் ஓசை. நாலு தெரு தள்ளி மருந்துக் கடையில் வேலை பார்க்கும் கேப்டனின் மனைவி, எதிர்வீட்டம்மாள் போன் செய்ததில், குடையும் கையுமாக வந்து நின்றாள். புருஷனைப் பார்த்தாள், முடிச்சைப் பார்த்தாள்.

"கதைக்கு ஒத்திகை, அவ்வளவுதான். நீங்க எல்லாம் கிளம்புங்க" என்று போலீஸ்காரரையும் கூட்டத்தையும் அனுப்பிவிட்டுக் குனிந்தாள். ஒரே விரலால் எங்கேயோ ஓர் இடத்தைத் தொட்டு இழுத்தாள். அவ்வளவுதான்! கயிறு மொத்தமும் பொலபொலவென்று தரையில் விழுந்தது.

காற்புள்ளி திறந்த வாயை மூடவில்லை.

கேப்டன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், "முகம் கழுவிட்டு வரேன்" என்று உள்ளே நழுவினார்.

மணி மூன்று நாற்பது.

"அம்மா, பத்தி இல்லாம போனா என் வேலையே போயிடும். அன்னிக்கு சார் எப்படித்தான் தப்பிச்சார்? உங்ககிட்டயாவது சொல்லியிருப்பாரே?"

அவள் கயிற்றை முழங்கையில் நிதானமாகச் சுற்றினாள்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்லணும்? எதிரிப் படையில அவரைக் கட்டிப்போட்டுக் காவலுக்கு நின்னவளே நான்தான். ரெண்டு நாளா விடாம ஒரு கதை சொல்லிக்கிட்டே இருந்தார், மூணாம் நாள் முடிவைச் சொல்லாம நிறுத்திட்டார், அதைக் கேக்கணும்னு அவுத்துவிட்டு நானும் கூடவே வந்துட்டேன்."