இடது கையால் எடுத்த படம்

அரியலூர், பெரம்பலூர் இரண்டு மாவட்டத்திலும் ஒரு நிமிஷத்தின் நீளத்தை மாற்றி வைத்தவர் ஒரே ஒருவர்தான். கல்யாண மேடையில் கேமராவைத் தூக்கி "ஒரு நிமிஷம்" என்பார். பிறகு மாப்பிள்ளையின் மாலையைச் சரி செய்வார், மாமனாரின் துண்டைச் சரி செய்வார், பின்வரிசையில் நிற்கும் யாரோ ஒருவரின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திருப்பிக் கொடுப்பார். அதற்குள் முதல் பந்தி முடிந்து இலை எடுத்துவிடுவார்கள். அவருக்குப் பெயரே 'ஒரு நிமிஷம்' என்று ஆகிவிட்டது. வாக்காளர் அட்டையில் இருக்கும் பெயர் எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் அவர் வீட்டிலேயே யார் அது என்று கேட்பார்கள்.

நான் பெரம்பலூரில், பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடி அறையில் வெப்சைட் செய்து பிழைக்கிறவன். ஒரு ஆடி மாதம் அவர் அரியலூரிலிருந்து பஸ் ஏறி என்னிடம் வந்தார். அவருடைய ஸ்டுடியோவுக்கு எதிரிலேயே புதிதாக ஒரு ஸ்டுடியோ வந்து, ட்ரோன் பறக்கவிட்டு, கல்யாணங்களையெல்லாம் அள்ளிக்கொண்டிருந்தது. ஆவணிக்கு இவர் கையில் இருந்தது இரண்டே கல்யாணம்.

"சைட்டு இருக்கு தம்பி. பாத்துட்டு ஒருத்தரும் போன் பண்ண மாட்டேங்கிறாங்க. முகப்ப மட்டும் நல்லா பண்ணிக் குடுங்க, ஆவணிக்குள்ள."

திறந்து பார்த்தேன். திறந்துகொண்டே இருந்தது. கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தபோது திரையின் உச்சியில் பிள்ளையார் மட்டும் மணியடித்தபடி வந்திருந்தார். அவருக்குக் கீழே முந்நூற்றுச் சொச்சம் கல்யாணப் படங்கள் வரிசையில் காத்திருந்தன.

"எதுக்குண்ணே முகப்புலயே இத்தனை?"

"ஒருத்தர விட்டா கோவிச்சுக்குவாங்க. பத்திரிகையில பேரு விட்டுப்போன தாய்மாமன நீங்க பாத்திருக்கீங்களா?"

பார்த்திருக்கிறேன். இருந்தாலும் விடவில்லை. முகப்பில் ஒரே படம், கீழே போன் நம்பர், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டேன். ஒரு வாரம் யோசித்து ஒரு படத்தைக் கொண்டுவந்தார். பந்தியில் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளை, தன் மாலையிலிருந்து ரசத்தில் விழுந்த ரோஜா இதழ்களைப் பரீட்சை எழுதுகிற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் பெண்ணு வாயைக்கூடப் பொத்தாமல் சிரிக்கிறது. ஒருவரும் கேமராவைப் பார்க்கவில்லை.

"ஒரு நிமிஷம்னு சொல்லாம எடுத்துட்டீங்களா?"

"எதிர் வரிசையில நானும் சாப்டுட்டு இருந்தேன் தம்பி. வாயில சோறு. இடது கையால அமுக்கினேன்."

ஏற்றிவிடலாம் என்று மவுஸைத் தொட்டேன். "ஒரு நிமிஷம்" என்றார். "வூட்டுச் செவுத்துல மாட்டவே கேட்டுட்டுத்தான் மாட்டுறோம். இது ஊரு முழுக்க மாட்டுறது. வெத்தலைப் பாக்கோட போயிக் கேட்டுட்டு வரேன்."

தட்டு, வெற்றிலை, பாக்கு, இரண்டு சீப்புப் பழத்தோடு செந்துறைக்குப் போனார். மாப்பிள்ளை மட்டும் இருந்தார். பெண்ணு கோபித்துக்கொண்டு விக்கிரமங்கலத்தில் அம்மா வீட்டுக்குப் போய் நாலு மாதம் ஆகியிருந்தது. காரணம், ஃபிரிட்ஜை எந்த மூலையில் வைப்பது என்பது.

"அவ சரின்னா போட்டுக்குங்கண்ணே" என்றார் மாப்பிள்ளை, வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

அதே தட்டோடு விக்கிரமங்கலம் போனார். பெண்ணு, "என் பாதிய மட்டும் வெட்டிப் போட்டுக்குங்க" என்றது.

"வெட்டிடலாம்மா. ஆனா நீ எதப் பாத்து சிரிக்கிறேன்னு யாருக்கும் புரியாது."

பெண்ணு உள்ளே போய் இவருக்குக் காபி போட்டதாம். இதை அவர் எனக்குப் போனில் சொன்னபோது ஆடி இருபது தாண்டியிருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. வேறு படம் கொடுத்துத் தொலையுங்கள், எதிர்க்கடைக்காரன் தை வரைக்கும் ஆர்டர் வாங்கிவிட்டான் என்று கத்தினேன்.

"ஒரு நிமிஷம் தம்பி" என்று வைத்துவிட்டார்.

அடுத்த போன் மாப்பிள்ளையிடமிருந்து வந்தது. "சார், நீங்கதான் கம்ப்யூட்டர் சாரா? ரெண்டு பேரும் ஒரே எடத்துல ஒக்காந்து, ஒரே தாள்ல கையெழுத்துப் போட்டாத்தான் படம் ஏறும்னு அண்ணன் சொல்றாரே, நெசங்களா?"

பத்து வருஷத்தில் இப்படி ஒரு கம்ப்யூட்டரை நான் கண்டதில்லை.

"ஆமாங்க. சீக்கிரம் போடுங்க. இல்லேன்னா எரர் காட்டும்."

மறுநாள் மாப்பிள்ளை விக்கிரமங்கலம் போய், வாசலில் நின்று, "கையெழுத்துப் போடத்தான் வந்தேன்" என்று அறிவித்திருக்கிறார். கூடவே நம்ம 'ஒரு நிமிஷம்' அண்ணனும் தட்டோடு. சாயங்கால பஸ்ஸில் மாப்பிள்ளையோடு பெண்ணும் செந்துறைக்குக் கிளம்பிவிட்டது. 'ஒரு நிமிஷம்' அந்தத் தாளை என் மேஜையில் வைத்து, "இப்ப ஏத்துங்க" என்றார். சமாதானம் பண்ணி வைத்த பெருமை முகத்தில் துளி இல்லை. படத்துக்குப் போன மனுஷன், படத்துக்குத்தான் போனேன் என்றே சாதித்தார்.

படம் ஏறியது. முகப்பு கண்மூடித் திறப்பதற்குள் திறந்தது. மூன்றாம் நாள் பெண்ணு அவருக்குப் போன் செய்தது.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. படம் வந்ததுலேருந்து அவருக்குக் காய்ச்சலு. கண்ணு பட்டுடுச்சுங்கிறாங்க மாமியாரு. எடுத்துடுங்கண்ணே."

"இந்தா, எடுக்கச் சொல்றேன்மா" என்றார், ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல்.

"அண்ணே, அப்போ கல்யாணத்துக்கு ஆர்டர் எப்படி வரும்?" என்றேன், அவர் எனக்குப் போன் போட்டுச் சொன்னபோது.

"அதுங்க சேந்திருக்குதுங்க தம்பி. எடுத்துடுங்க." அந்த இடத்தில் போட ஒரு வரியும் அவரே சொன்னார். இன்றும் அவருடைய முகப்பில் படம் கிடையாது. அந்த வரியும் போன் நம்பரும் மட்டும்தான்: 'படம் அவர்கள் வீட்டில் மாட்டியிருக்கிறது.'

ஆவணியில் அவருக்கு மூன்றாவதாக ஒரே ஒரு கல்யாணம் வந்தது. என்னுடையதுதான். பெண் வீட்டார் ட்ரோன் கேட்டார்கள், முடியாது என்றேன். அந்த மனுஷன்மேல் எனக்கு அப்படி ஒரு பிரியம் விழுந்துவிட்டது. மேடையில் ஒன்றரை மணி நேரம் "ஒரு நிமிஷம்" நின்றேன். பந்திக்கு மட்டும் அவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து, எங்களுக்கு நேர் எதிரில் இலை போட்டு உட்காரவைத்து, கேமராவை அவருடைய இடது பக்கத்தில் நானே வைத்தேன்.