பதினொரு கோல் தூரம்

ஆற்றின் வளைவில் ஒரு நாடு இருந்தது. இன்னும் இருக்கிறது என்று அதன் சட்டம் சொல்கிறது. அங்கே ஒரு காலையில் என் மனைவி தங்கபுஷ்பம் முருங்கைக்கீரையை உருவி முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். பாதிக் கொத்து மீதமிருந்தபோது அளவுத்துறை அதிகாரி வேதவனம் கோலோடு வந்து நின்றார்.

அவர் வந்த காரணத்தைச் சொல்ல, மூன்று ஆண்டுகள் பின்னே போக வேண்டும்.

எங்கள் கரை முழுவதும் வெட்டிவேர் வளர்ந்திருந்தது. அரண்மனை மாடத்திலிருந்து ஆறு தெரியவில்லை என்று மன்னர் வருத்தப்பட்டார். பிடுங்க ஆணை வந்தது, பிடுங்கினோம். வளைவில் ஆறு வெளிக்கரையைத்தான் முட்டும்; எங்களுடையது வெளிக்கரை. வேரில்லாத மணல்மண் முதல் வெள்ளத்திலேயே சரிந்தது. மன்னரைத் தரிசிக்க ஆறே நெருங்கி வந்திருப்பதாக அமைச்சர் பாராட்டினார். பிறகு மன்னர் சிலையின் பீடத்துக்காக ஆற்றடி மணலை அள்ளினார்கள். ஆறு ஆழமாகிக் கரையின் காலடியைத் தோண்டத் தொடங்கியது.

ஆண்டுதோறும் நாட்டை அளப்பது எங்கள் வழக்கம். அகலம் ஆயிரம் கோல் என்று சாசனத்தில் எழுதியிருந்தது. அந்த ஆண்டு தொள்ளாயிரத்துச் சொச்சம்தான் வந்தது. சாசனம் பொய்க்காது என்பதால் கோலை வெட்டினார்கள். ஆயிரம் சரியாக வந்தது. புதுக்கோலால் அளந்தபோது குடிமக்கள் அனைவரும் உயரமாகியிருந்தார்கள். அதற்கு ஒருநாள் விடுமுறை விட்டார்கள். அடுத்த ஆண்டும் வெட்டினார்கள்.

கரையிலிருந்து பத்துக் கோலுக்குள் இருக்கும் வீட்டை மட்டுமே ஆற்றைவிட்டு உள்ளே தள்ளி மாற்றலாம். அனுமதியில்லாமல் மாறினால், நாடு சுருங்குகிறது என்று அவதூறு பரப்பிய குற்றம். நாங்கள் மூன்று முறை மனுப் போட்டோம். ஆறு நெருங்க நெருங்கக் கோலும் குட்டையானதால் கணக்கு பத்துக்குள் வரவேயில்லை.

வேதவனம் கொல்லையில் அளந்து அறிவித்தார்: "பதினொரு கோல். ஆகவே இவ்வில்லம் பாதுகாப்பான தொலைவில் உள்ளது."

"ஏன் சார், முன்னெல்லாம் இந்தக் கோல் உங்க தலைக்கு மேல நின்னுச்சே. இப்ப தோளுக்குத்தான் நிக்குது?" என்றாள் தங்கபுஷ்பம்.

"கோல் அதேதான், அம்மணி. மன்னரின் ஆட்சியில் நாம்தான் உயர்ந்திருக்கிறோம்."

"நான் வளந்திருந்தா, கல்யாணத்துக்குத் தச்ச ரவிக்கை இன்னும் எப்படிப் பத்துது?"

அவர் யோசித்தார். "ரவிக்கையும் இந்நாட்டுப் பிரஜைதானே."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "மேலாப்ல அளக்காதீங்க சார். ஆறு மேல கடிக்கல, அடியில நக்குது. கரைக்கு அடியில கையை விட்டுப் பாருங்க, வெறும் பொந்து."

"அடியில் அளக்க எமக்கு அதிகாரம் இல்லை."

மனுவை நிராகரித்து முத்திரை குத்திவிட்டுப் போனார்.

"இவரைக் கட்டிக்கிட்ட மகராசி பாவங்க," என்று சிரித்துக்கொண்டே அவள் துணி எடுக்கக் கொல்லைக்குப் போனாள். நான் அடுப்பைப் பற்றவைத்தேன். சத்தம் பெரிதாக இல்லை. எழுந்து போய்ப் பார்த்தபோது கொல்லை இருந்த இடத்தில் ஆறு இருந்தது. மறுநாள் வீடும் போயிற்று.

அரித்த மண் மறைந்துவிடுவதில்லை. சற்றுக் கீழே, எதிர்க்கரையின் உள்வளைவில், தண்ணீர் சோம்பலாகப் போகும் இடத்தில் படிகிறது. அந்தப் புதுமண்ணில்தான் நாங்கள் முப்பது குடும்பங்கள் இருக்கிறோம். வெள்ளரி நன்றாகக் காய்க்கிறது. அவள் நின்ற மண்ணும் இதில் எங்கோ இருக்கும். மனநிறைவாகவே இருக்கிறேன்.

அக்கரையில் இப்போது அரண்மனையும் சிலையும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. அகலம் ஆயிரம் கோல்தான். மன்னர் ஒவ்வொரு தேர்தலிலும் எல்லா வாக்குகளையும் பெற்று வெல்கிறார்.

போன மாதம் வேதவனம் படகில் வந்தார், கையில் வாக்காளர் பட்டியலோடு. என்னைப் பார்த்ததும், "உங்கள் மனைவி தவறாமல் வாக்களிக்கிறார்," என்றார்.

"அவ செத்துப் பதினெட்டு வருஷமாச்சு சார்."

"பதினொரு கோல் தூரத்தில் இருந்த வீடு விழாது. விழாத வீட்டில் யாரும் இறந்திருக்க முடியாது."

எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு வெள்ளரிக்காயைக் கொடுத்துவிட்டுப் பட்டியலை வாங்கிப் பார்த்தேன். எனக்கு எழுபது முடிந்துவிட்டது. தங்கபுஷ்பத்துக்கு அதில் இன்னும் ஐம்பத்திரண்டுதான்.