காய்ந்த வேட்டி

பெண் கொடுத்த மாமனாரை ஆற்றில் விட்டுவிட்டு, அவருடைய வேட்டியோடு வீட்டுக்கு வந்து சேர்ந்த மருமகன் திருநெல்வேலிச் சீமையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். (இன்னொருவர் இருந்தால் தெரிவிக்கவும், சேர்ந்து ஒரு சங்கம் வைக்கலாம். கூட்டத்துக்கு வர இருவருமே மறந்துவிடுவோம், அது வேறு விஷயம்.)

நடந்தது தொண்ணூறுகளின் பின்பாதியில், ஓர் ஆடி அமாவாசை அன்று. டவுனில் பாத்திரக்கடை வைத்திருந்த மாமா எனக்கு மாமனார் மட்டுமல்ல, அம்மாவின் உடன்பிறந்த அண்ணன். பாபநாசத்துக்குத் தர்ப்பணம் கொடுக்கப் போயிருந்தோம். நான் முதலிலேயே முடித்துக் கரையேறிவிட்டேன். மாமா இறங்குமுன், மடித்த காய்ந்த வேட்டியை என்னிடம் தந்து, "இங்கனயே நில்லு" என்றார்.

நின்றேன். பக்கத்தில் ஒருவர், மலையிலிருந்து குழாயில் இறங்கும் தண்ணீர் எப்படி மின்சாரமாகிறது என்று யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார். அந்த யாரோ போன பிறகும் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் நடந்தார், நானும் நடந்தேன். அவர் பஸ் ஏறினார், நானும் ஏறினேன். அம்பாசமுத்திரத்தில் அவர் இறங்கிய பின்னும் டர்பைன் என் தலைக்குள் சுற்றிக்கொண்டே வந்தது. பாளையங்கோட்டையில் வீட்டுப் படி ஏறும்போது என் மனைவி கோமதி, "அப்பா எங்க அத்தான்?" என்றாள்.

அக்குளைப் பார்த்தேன். வேட்டி இருந்தது.

மாமா இடுப்பில் ஈரத்துண்டோடு, ஆடிக்காற்றில் நடுங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து, தன் வாடிக்கையாளர்கள் பார்த்திருக்க டவுனுக்குள் நடந்து வீடு சேர்ந்தார். கண்டக்டர் இரக்கப்பட்டு டிக்கெட்டே கேட்கவில்லையாம். அன்றோடு அவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

கோமதி கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அவள் ஆசிரியை. நிலைகொள்ளாத பிள்ளைகளைப் பற்றி அவள் பள்ளியில் ஒரு பெண் மனநல மருத்துவர் வந்து பேசிவிட்டுப் போயிருந்தார். வெளிநாட்டில் படித்துவிட்டுப் பாளையங்கோட்டைக்கே திரும்பி வந்தவர். அந்தப் பேச்சில் வந்த பையனுக்கு எட்டு வயது. கோமதிக்கு நினைவு வந்தவனுக்கு முப்பத்தொன்பது.

"அந்த டாக்டர்கிட்ட போவோம். நோவுன்னா எங்கப்பா கால்ல நானே விழுந்து சமாதானம் சொல்லுதேன். திமிருன்னா, நான் எங்கப்பா வீட்டுக்கே போயிருதேன்" என்றாள். அவள் குரல் உயரவே இல்லை.

டாக்டர் ஒரு நிபந்தனை போட்டார். இது சின்ன வயதிலேயே இருந்ததா என்று சொல்ல, என் பிள்ளைப் பருவத்தைக் கூட இருந்து பார்த்த ஒருவர் வர வேண்டும். அம்மாவும் அப்பாவும் இல்லை. மிஞ்சியிருந்த ஒரே சாட்சி, ஈரத்துண்டு கட்டி வந்த மனிதர். கோமதி டவுனுக்குப் போய் அவரைக் கூட்டிவந்தாள். என்ன சொல்லி அழைத்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு சாம்ராஜ்யத்தையே நடத்தத் தெரிந்தவள், பாவம், என்னை நடத்த வேண்டியதாயிற்று.

நானும் சும்மா போகவில்லை. கல்லூரியில் வரலாறு போதிப்பவன். கேள்வி என்று வந்துவிட்டால் தேறியே தீர வேண்டும் என்ற கெட்ட பழக்கம் உண்டு. நூலகத்திலிருந்த உளவியல் புத்தகங்களை எல்லாம் முதல் அத்தியாயம் வரை படித்துவிட்டுப் போனேன்.

பொருட்கள் தொலையுமா என்று டாக்டர் கேட்டார். தொலையாது என்றேன். சொன்னதை மறப்பதுண்டா? அபூர்வம். தொடங்கியதை முடிப்பதுண்டா? பெரும்பாலும். தோற்றால்தான் மனைவி மிஞ்சுவாள் என்பதையே மறந்து, முதல் வகுப்பில் தேறிக்கொண்டிருந்தேன். கோமதி கண்ணை மூடிக்கொண்டாள்.

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. என்னைப் பார்க்காமல் டாக்டரைப் பார்த்துச் சொன்னார்: "பொய் சொல்லுதான் டாக்டரம்மா."

பிறகு மடை திறந்தது. எண்ணெய்க்கு அனுப்பினால் தூக்குச்சட்டியையும் தொலைத்துவிட்டு வருவேனாம். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால் வாய்க்காலில் மீன் பார்த்துக்கொண்டு நிற்பேனாம். எனக்கே நினைவில்லாத என்னை அந்த மனிதர் இத்தனை காலம் பத்திரமாக வைத்திருந்தார்.

"இந்தா, இவ பொறக்கையில மருத்துவச்சியக் கூட்டிட்டு வான்னு இவனத்தான் அனுப்புனேன். குரங்காட்டி பின்னால போயிட்டான். பிள்ள பொறந்து, குளிப்பாட்டி, தொட்டில்ல போட்டப் பொறவு வந்து நிக்கான். 'மாமா, மருத்துவச்சி வீடு எது'ங்கான்."

அமாவாசைக்குப் பிறகு கோமதி சிரித்தது அப்போதுதான்.

இதையெல்லாம் நான் பாதிதான் கேட்டேன். சுவர்க் கடிகாரத்தில் விநாடி முள் நகராமல் ஒரே இடத்தில் துடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு ஒரு மனிதன் எப்படி உட்கார்ந்திருக்க முடியும்? இறக்கிப் பின்பக்கத்தைத் திறந்தேன். பேட்டரி உருண்டு டாக்டரின் மேஜைக்கு அடியில் போனது. நானும் போனேன். கீழே இருந்தபடியே, பரீட்சை எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்டேன்.

"முடிஞ்சிட்டு சார். பைய வாங்க, தலைய இடிச்சிராதீங்க" என்றார் டாக்டர்.

(இடித்துக்கொண்டேன்.)

நான் கடிகாரத்தை இறக்கியபோது அவர் தடுக்கவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை. அப்படி ஒரு பொறுமையை நான் அதுவரை கோமதியிடம் மட்டும்தான் பார்த்திருந்தேன். இதற்குப் பெயர் ஏ.டி.எச்.டி., கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு என்றார். சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை. மூளை அமைந்த விதம். மாத்திரை உண்டு, பழக்கங்களும் உண்டு, இரண்டும் வேண்டும் என்றார்.

மாமா, "அப்பம் என் தங்கச்சி இவனப் போட்டு அடிச்சதெல்லாம்?" என்று கேட்டார்.

"அவங்களுக்குத் தெரியாதுல்லா அண்ணாச்சி. அன்னைக்கு யாருக்குமே தெரியாது."

மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் இன்னும் மேஜைக்கு அடியில்தான் இருந்தேன், பேட்டரி கிடைத்தபாடில்லை. அவர் குனிந்து, முதல் முறையாக என்னைப் பார்த்தார்.

"ஏலே, அங்கன கிடந்து என்ன செய்யுத? எந்திச்சு வா, வீட்டுக்குப் போவோம்."

இதைவிட நல்ல மன்னிப்பை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. (முதல் அத்தியாயங்களில் இல்லை என்று திட்டவட்டமாகச் சொல்ல முடியும்.)

அடுத்த ஆடி அமாவாசைக்குக் கோமதியும் கூட வந்தாள். என் மாத்திரைகள் அவள் பையில் இருந்தன. பஸ்ஸில் வழிநெடுக, என் கவனம் இப்போது எவ்வளவு தேறிவிட்டது என்று மாமாவுக்கு விளக்கினேன். அவர் பொறுமையாகத் தலையாட்டினார். படித்துறையில் அவர் வேட்டியை எடுத்ததும், முந்திக்கொண்டு கையை நீட்டினேன். இன்றும் எங்கள் வீட்டில் என்னிடம் எதையாவது ஒப்படைக்க வேண்டி வந்தால் யாராவது சொல்லிக்காட்டும் வாக்கியம் அப்போது பிறந்ததுதான். மாமா என் கையைப் பார்த்தார், மகள் பக்கம் திரும்பினார்.

"மாத்திரைய அவன் கையில குடு தாயி. வேட்டிய நீ பிடி."