எஸ்தர் வயிற்றில் காட்டிய வலி

ஆண் டாக்டரிடம் வயிற்றைக் காட்டுவதைவிட வயிற்றுவலியே தேவலை என்று நினைக்கிற பெண்கள் எங்கள் கச்சிராயபாளையம் பக்கம் நிறைய உண்டு. அதில் எனக்குத்தான் முதல் பரிசு.

சில வருடங்களுக்கு முன்பு தொப்புளைச் சுற்றி வலித்தது. கரியாலூர் கொய்யாவை விதையோடு தின்றதால்தான் என்று நானே முடிவு கட்டினேன். மறுநாள் வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கியது. (நகர்கிற வலி வாயுதானே என்று பூண்டைச் சுட்டுத் தின்றேன்.) வாந்தி வந்ததும் நாத்தனார் எஸ்தர் கள்ளக்குறிச்சி பஸ்ஸில் ஏற்றினாள். பஸ் குதிக்கும்போதெல்லாம் உயிர் போய் வந்தது.

டாக்டருக்கு என் மகன் வயசு. "எங்க வலிக்குதும்மா?"

வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு, பக்கத்தில் நின்ற எஸ்தரின் வயிற்றில் விரலை வைத்து, "இங்கங்க" என்றேன்.

அவர் எஸ்தரைப் படுக்கவைத்து அழுத்தத் தொடங்கிவிட்டார்.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க, எங்க அண்ணிக்குத்தாங்க" என்று அவள் துள்ளினாள். "இன்னா அண்ணி, என் வயித்துல காட்டிக்கினு கீற? அந்த நோவு எனக்கு வந்துடாது?" (அடுத்தவர் நோவை நம் உடம்பில் காட்டினால் நமக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது எங்கள் பக்கத்துப் பயம்.)

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். டாக்டரின் செருப்பில் வாந்திதான் வந்தது. நோயாளி யார் என்று அவருக்கு விளங்கிவிட்டது. கொய்யாக் கதையை எஸ்தர் சொன்னாள்.

"கொய்யா விதை மேல பழி போடாதீங்க. விதையால வர்றது ரொம்ப அபூர்வம்" என்றார். "பெருங்குடல் ஆரம்பிக்கிற இடத்துல சின்ன விரலாட்டம் ஒரு வால் தொங்குது. கெட்டியான மலம் கிலம் போயி அதோட வாயை அடைச்சிக்கும். உள்ள கிருமி பெருகி, வீங்கி, சீழ் புடிச்சிடும். வெடிச்சா வயிறு பூரா பரவி உயிருக்கே ஆபத்து. நீங்க வெக்கப்பட்டுக்கினு இருந்தா அது காத்துக்கினு இருக்காதும்மா."

அன்றைக்கே ஆபரேஷன். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் வெடித்திருக்குமாம்.

நான் கண் விழித்தபோது எஸ்தர் வலது வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அண்ணி, எனக்கும் அங்கயே வலிக்குது."

டாக்டர் வந்தார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "இப்ப யாருக்கும்மா?" என்றார்.

வெட்கம் எங்கே போனதோ, "அவளுக்குத்தாங்க. நான் கண்ணு முழிக்கிற வரிக்கும் பச்சைத்தண்ணி குடிச்சிருக்க மாட்டா" என்றேன். அவள் நோவு நாலு இட்லியில் குணமானது.

இப்போதும் எங்கள் வூட்டில் யாராவது வயிற்றுவலி என்றால் போதும். எஸ்தர் இரண்டு கையாலும் தன் வயிற்றை மூடிக்கொண்டு சொல்வாள்: "உன்னோடதுல காட்டு."